மதிலைத் தாண்டிப் போவதற்கு மட்டும் விதி

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில், முன்பு தென்னந்தோப்பாகக் கிடந்த ஒரு விளையை மனைகளாகப் பிரித்த குடியிருப்பு எங்களுடையது. பெரும்பாலும் 5 சென்ட், 7 சென்ட் மனைகள். கிரயம் முடிக்கும்போதே ஒவ்வொருவரிடமும் ஒரு விதிப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு முன்னால் புல்தரை இருக்க வேண்டும். வாழை, மரச்சீனி, காய்கறி எதுவும் முன்பக்கம் தெரியக் கூடாது. மதில் மூன்றடிக்கு மேல் போகக் கூடாது. வெளிச்சுவருக்கு வெள்ளை, தந்த நிறம், வெளிர் சாம்பல் இந்த மூன்றில் ஒன்றைத்தான் அடிக்க வேண்டும். மழை குறைவான ஏதோ ஒரு பெருநகரத்தின் வில்லா வரிசைக்கு எழுதியதை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று வாசித்ததுமே தெரிந்தது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில், முற்றத்தில் விழும் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. மரத்தை எவ்வளவு தள்ளி நட வேண்டும் என்பதும் இல்லை.

குடியிருப்போர் சங்கத்தைப் பதிவு செய்த பிறகு, அந்த விதிகளைத் திருத்தி எழுத ஒரு குழு போட்டோம். நானும் அதில் இருந்தேன். ஓய்வு பெற்ற இன்ஜினியர் சார் ஒருவர், தோட்ட வேலையில் கைதேர்ந்த டீச்சரம்மா ஒருவர், வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய அண்ணன் ஒருவர் என்று பலவிதமான ஆட்கள். அந்த வேலையில் கற்றதையும், விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு எது நின்றது, எது நிற்கவில்லை என்பதையும் இங்கே சொல்கிறேன். மாவட்டத்தில் வயலும் விளையும் மனையாகிக்கொண்டே இருப்பதால் வேறு குடியிருப்புகளுக்கும் உதவக்கூடும்.

எதற்கெல்லாம் விதி வேண்டும் என்பதில்தான் முதல் கூட்டங்கள் முழுக்கப் போயின. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: ஒரு வீட்டு முற்றத்திலிருந்து அடுத்த முற்றத்துக்கோ ரோட்டுக்கோ எது போகிறதோ, அதற்கு மட்டும் விதி. தண்ணீர் போகும். வேர் போகும். ஓலையும் தேங்காயும் விழும். புயலில் ஷீட் பறக்கும். கொசு போகும், விளக்கின் வெளிச்சம் போகும். சுவரின் வண்ணம் எங்கேயும் போகாது. மாம்பழ மஞ்சளில் ஒருவர் வீடு இருந்தால் இன்னொருவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அதைத் தடுக்க ஒரு விதியும் ஒரு கமிட்டியும் தேவையில்லை. வண்ண விதியை அன்றைக்கே எடுத்துவிட்டோம். இந்த ஒரு முடிவால் பாதிச் சண்டை குறைந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

அதற்கு முன் சட்டத்தில் எங்கள் இடம் எது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், எல்லோரும் டிடிசிபி என்று சொல்கிறார்களே அதன், அனுமதி பெற்ற மனைப்பிரிவில் ரோடுகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிடுவார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு அதேபோல் ஒப்படைக்க வேண்டும். ஆகவே மதிலுக்கு வெளியே இருக்கும் ரோட்டோரம் வீட்டுக்காரருக்கும் சொந்தமில்லை, சங்கத்துக்கும் சொந்தமில்லை. அங்கே மரம் நடுவதானாலும் வெட்டுவதானாலும் உள்ளாட்சியிடம் எழுதிக் கேட்க வேண்டும். வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தை 2019-ஆம் ஆண்டு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம். சங்கம் எழுதும் விதி இவற்றுக்கெல்லாம் கீழேதான். சட்டம் கேட்பதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக நாங்கள் கேட்கலாம். சட்டம் கேட்பதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இதைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தோம். 'சங்கம் பெர்மிஷன் கொடுத்துவிட்டது, அப்புறம் என்ன' என்று கேட்பவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

இனி தண்ணீர். எங்கள் விதிகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியதுதான்.

எங்கள் விளை மேற்கிலிருந்து கிழக்கே சரிந்து ஒரு குளத்தில் முடிகிறது. தோப்பாக இருந்த காலத்தில் மழைத் தண்ணீர் தென்னைகளுக்கு நடுவே பரவி, கீழே ஒரு ஓடையில் சேர்ந்து குளத்துக்குப் போகும். மனை போட்டவர்கள் அந்த ஓடையை மூடி, ஒரு குழாயைப் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கு மேல், வீடு கட்ட வந்த ஒவ்வொருவரும் லாரி லாரியாகச் சரல் மண் அடித்து மனையை உயர்த்தினார்கள். மேட்டில் இருப்பவர் உயர்த்தினால் பள்ளத்தில் இருப்பவரும் உயர்த்துவார். அதற்கும் கீழே இருப்பவர் என்ன செய்வார்? 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையிலேயே மண் சரிந்து கிடந்தது. அந்த மழையில் எங்கள் கிழக்கு வரிசை வீடுகளின் முற்றங்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. குளம் நிரம்பித் தண்ணீர் ஏறி வந்ததாகச் சிலர் சொன்னார்கள். உண்மையில் அது மேற்கு வரிசை முற்றங்களிலிருந்து இறங்கி வந்த தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு மனையில் மட்டும் ஏறக்குறைய 20,000 லிட்டர் விழுகிறது. அந்த அளவு மழை இங்கே ஆச்சரியமான விஷயம் இல்லை. மண்ணாகக் கிடந்த வரை அதில் ஒரு பங்கை நிலமே குடித்துவிடும். வீடு போக மீதி இடம் முழுவதும் சிமென்ட் போட்டுவிட்டால் அத்தனையும் கேட்டைத் தாண்டி வெளியே வரும்.

அதனால் நாங்கள் எழுதிய முதல் விதி: வீட்டின் தரைமட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளலாம், முற்றத்தை உயர்த்தக் கூடாது. கட்டடம் நனையக் கூடாது என்ற கவலை நியாயமானது; அதற்கு வீட்டின் பேஸ்மட்டத்தை ஏற்றிக்கொண்டு இரண்டு படி கூடுதலாக வைத்தால் போதும். முற்றம் மட்டும் எங்கள் மட்டக்குறிக்கு மேல் ஆறு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். 'ரோட்டிலிருந்து ஆறு அங்குலம்' என்றுதான் முதலில் எழுதப் போனோம். இன்ஜினியர் சார் தடுத்தார். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே ரோடு போட்டால் ஒவ்வொரு முறையும் ரோடு உயரும், அதோடு முற்றமும் ஏறும் என்றார். ஆகவே ஓடைப் பாலத்தின் கல்லில் பெயின்டால் ஒரு குறி போட்டு, அதிலிருந்து ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மட்டம் எழுதி வைத்தோம். புதிதாக வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் நாளில் அந்த மட்டத்தை மதிலில் குறித்துக் கொடுக்கிறோம். கொத்தனார்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இது புது விஷயமே இல்லை.

இரண்டாவது, வீடு போக மீதியுள்ள இடத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணாகவே இருக்க வேண்டும். இதில்தான் எதிர்ப்பு அதிகம். முற்றத்தைப் பெருக்கித் துடைப்பது எளிது, சேறு இல்லை, பாம்பு வராது என்று சொல்லி இன்டர்லாக் கட்டை பதிக்க எல்லோருக்கும் ஆசை. கட்டைக்கு நடுவே தண்ணீர் இறங்கும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். இறங்கும், ஆனால் எதன் மேல் பதிக்கிறோம் என்பதைப் பொறுத்து. அடியில் சிமென்ட் கான்கிரீட் போட்டு, இடுக்கையும் சிமென்ட் பாலால் அடைத்தால் அது சிமென்ட் தரைதான். சிறு ஜல்லி பரப்பி, அதன்மேல் மணல் விரித்து, இடுக்கிலும் மணலே நிரப்பினால் தண்ணீர் இறங்கும். மணல் மேல் பதித்ததை மட்டுமே மண் இடத்தின் கணக்கில் பாதியாக எடுத்துக்கொள்கிறோம். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கார் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு மட்டும் கல் பதித்துவிட்டு நடுவில் புல் விடலாம். செலவும் குறைவு, உச்சி வெயிலில் முற்றம் கொதிப்பதும் குறைவு.

மூன்றாவது, கேட்டுக்கு முன்னால் கட்டும் சரிவுத் தளம். கார் ஏற வசதியாக ரோட்டோர ஓடையை அடைத்து ரோட்டுக்குள்ளேயே நீட்டிக் கட்டிவிடுகிறார்கள். சரிவு முழுவதும் கேட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று விதி வைத்தோம். ஓடை மேல் போடும் மூடி, இரண்டு பேர் தூக்கி எடுக்கக்கூடிய துண்டு சிலாபுகளாக இருக்க வேண்டும். ஒரே வார்ப்பாகப் போட்டுவிட்டால் அடைப்பு எடுக்கவே முடியாது.

மழைநீர்க் குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளான் பாஸாக வேண்டும் என்பதற்காகத் தோண்டி, கல்லும் மணலும் போட்டு மூடி மறந்துவிட்ட குழிகள்தான் அதிகம். இரண்டு மழைக்காலத்தில் வண்டல் சேர்ந்து அடைத்துவிடும். மொட்டைமாடிக் குழாய் குழிக்குள் போவதற்கு முன் ஒரு சின்னத் தொட்டி வைத்து, இலையும் மண்ணும் அதில் தங்கும்படி செய்தால் குழி பல வருடம் உழைக்கும். குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மனைகளில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே வந்துவிடுவதால் குழி தண்ணீரை வாங்காது. அங்கே குழியின் மேல்விளிம்பிலிருந்து ரோட்டு ஓடைக்கு ஒரு வழிவு குழாய் கட்டாயம். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் கொட்டிய பெருமழையின்போது இந்த ஏற்பாடுகள் பாதி வீடுகளில்தான் இருந்தன. இருந்த வரிசைகளில் தண்ணீர் முற்றத்தில் தங்காமல் வடிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதன் பிறகு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை அதிகம் வரவில்லை.

அடுத்தது மரம். இந்த மாவட்டத்தில் மரத்தைப் பற்றி யார் பேசினாலும் 2017 நவம்பர் 30-இல் வந்து நிற்பார்கள். ஒக்கிப் புயல் அன்று ரப்பர் தோட்டம், தென்னை, வாழை எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் போனது. பல ஊர்களில் பல நாள் கரண்ட் இல்லை. அந்தப் பயத்தில் எங்கள் குடியிருப்பிலும் 'பெரிய மரமே வேண்டாம்' என்று எழுதச் சொன்னவர்கள் உண்டு. நான் கடுமையாக எதிர்த்தேன். மரமே இல்லாத குடியிருப்பில் சித்திரை மாதத்தில் மனிதர் நடமாட முடியாது.

விழுந்த மரங்களைக் கவனித்துப் பார்த்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. மதில் கட்டவோ, குழாய் பதிக்கவோ, ஒரு பக்கத்து வேரை வெட்டிய மரங்கள் அந்த வெட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. நான்கு கயிற்றில் நிற்கும் கம்பத்தில் ஒரு கயிற்றை அறுத்தது மாதிரி. ஆகவே மரத்துக்குத் தடை போடாமல், வேர் வெட்டுக்குத் தடை போட்டோம். இருக்கும் மரத்தின் அருகே மதில் வருகிறது என்றால் அங்கே தொடர்ச்சியாக வானம் தோண்டக் கூடாது. மரத்தின் இரு பக்கமும் தூண் எழுப்பி, வேருக்கு மேலே தரையைத் தொடாமல் பீம் கொடுத்து, அதன் மேல் கட்டலாம். செலவு கொஞ்சம் கூடும். ஒரு மரம் அடுத்த வீட்டு ஷெட்டின் மேல் விழுந்தால் வரும் செலவை யோசித்தால் அது ஒன்றுமில்லை.

புதிதாக நடுவதற்கு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு பட்டியல் போட்டோம். தென்னை ஓலை ஒன்றே பதினைந்து அடிக்கு மேல் நீளும். 5 சென்டில் அதை எங்கே நட்டாலும் ஓலை பக்கத்து வீட்டுக்குப் போகும். அதனால் நெட்டைத் தென்னையை 7 சென்டுக்கு மேற்பட்ட மனைகளுக்கு மட்டும், எல்லையிலிருந்து 12 அடி தள்ளி என்று வைத்தோம். சின்ன மனைக்காரர்கள் சாவக்காடு ஆரஞ்சு போன்ற குட்டை ரகத்தை வைத்துக்கொள்கிறார்கள். இருக்கும் பழைய தென்னைகளுக்கு இந்தத் தூரம் பொருந்தாது. அவை இந்த விளையில் எங்களுக்கு முன்பே நின்றவை. அவற்றுக்கு ஒரே நிபந்தனை, தேங்காய் முற்றிக் காய்ந்து விழும்வரை விடக் கூடாது. ஏற ஆள் கிடைப்பது சிரமம் என்பதால் மொத்தக் குடியிருப்புக்கும் ஒரே நாளில் வெட்டு வைத்துக்கொண்டோம். தனித்தனியாகக் கூப்பிட்டால் வராதவர், இத்தனை மரம் மொத்தமாக என்றால் வருகிறார்.

சக்கை மரம், அதாவது பலா, இல்லாமல் வீடு எப்படி என்று கேட்பவர்கள் நாங்கள். ஆனால் 5 சென்டில் பலா வைத்தால் செப்டிக் டேங்க், மதில், ரோடு மூன்றையும் யோசிக்க வேண்டும். எல்லையிலிருந்தும் டேங்கிலிருந்தும் 15 அடி என்று வைத்ததால், சின்ன மனையில் அது தானாகவே அமையாமல் போகிறது. அதற்குப் பதில் பொதுப் பூங்காவில் உள்ளாட்சியிடம் அனுமதி வாங்கி இரண்டு பலாவும் ஒரு அயனிப் பலாவும் நட்டோம். மா வேண்டும் என்றால் ஒட்டு மா. காய்ப்பு முடிந்ததும் கவாத்து செய்து பத்துப் பன்னிரண்டு அடியில் நிறுத்தலாம். முருங்கை காற்றுக்கு ஒடியும், அதனால் ஆள் உயரத்தில் வெட்டி வெட்டி வளர்க்க வேண்டும். கீரையும் கைக்கு எட்டும். கரண்ட் கம்பிக்குக் கீழே பத்தடிக்கு மேல் வளரும் எதுவும் வேண்டாம். கடற்கரைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பூவரசையும் புன்னையையும் யோசியுங்கள். உப்புக் காற்றுக்கு அவை தாங்கும். பனை நிற்கும் மனையை வாங்கினால் அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதை வாங்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய பிறகு பிளானில் வந்து இடிக்கும்.

ரோட்டோரம் மனை போட்டவர்கள் நட்டுவைத்த கோனோகார்பஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகமாக வளர்ந்து பச்சைச் சுவர் மாதிரி நிற்கும், பார்த்தால் அழகுதான். அதன் வேர் ஓடைக் கல்லின் இடுக்கில் புகுந்து, தண்ணீர்க் குழாயின் இணைப்பு வரைக்கும் போயிருந்தது. 2025-இல் தமிழ்நாடு அரசு அந்த மரம் வளர்ப்பதைத் தடை செய்தது. அதற்கு முன்பே நாங்கள் உள்ளாட்சியிடம் எழுதிக் கொடுத்து எடுக்க ஆரம்பித்திருந்தோம். வெட்டினால் மட்டும் போதாது, மறுபடி தழைக்கும். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் இப்போது செம்பருத்தி, தெச்சி, நந்தியாவட்டை வரிசை. பூஜைக்குப் பூ பறிக்கிறவர்களும் அல்தாருக்குப் பூ வைக்கிறவர்களும் காலையில் அங்கேதான் வருகிறார்கள். அரளியைத் தோவாளைப் பூச்சந்தைக்கு மூட்டை மூட்டையாகக் கொண்டுவரும் ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு அதை ரோட்டோரம் வேண்டாம் என்று வைத்தது சிலருக்கு வருத்தம். இலை, தண்டு எல்லாமே விஷம். குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் இடத்தில் அது வேண்டாம் என்பதில் நான் இப்போதும் உறுதியாக இருக்கிறேன். வீட்டுக்குள் வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம்.

முன்பக்கத்தில் வாழை கூடாது என்ற பழைய விதியை நீக்கியது டீச்சரம்மாவின் வேலை. "வாழை வைக்கப்பிடாதுண்ணா நான் எதுக்கு சாரே இந்த ஊர்ல வீடு கெட்டணும்?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டார்கள். மட்டி, செவ்வாழை, ஏத்தன், ரசகதலி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரகம் வைத்துச் சாப்பிட்ட ஊர் இது. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதை அசிங்கம் என்று பின்னால் தள்ளச் சொல்லும் விதியை எங்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை. வாழை எல்லையிலிருந்து நாலடி உள்ளே இருக்க வேண்டும், குலை தள்ளியதும் முட்டுக் கொடுக்க வேண்டும், வெட்டிய வாழைத் தண்டை ரோட்டில் போடக் கூடாது. அவ்வளவுதான். புல்தரை கட்டாயம் என்பதும் போய்விட்டது. புல் விரும்புகிறவர்களுக்கு ஒரு அனுபவக் குறிப்பு: நிழல் விழும் முற்றத்தில் மெல்லிய புல் ரகங்கள் மழைக்காலத்தில் அழுகிப் பாசி பிடிக்கின்றன; அகல இலை எருமைப் புல் தாக்குப்பிடிக்கிறது.

கட்டடத்தின் வெளிப்பக்கத்துக்கு வருகிறேன். இங்கே மழைக்குப் பயந்து மொட்டைமாடி மேல் ட்ரஸ் அடித்து ஷீட் போடுவது எல்லோரும் செய்வது. அதன் விளிம்பு பக்கத்து மனைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீர் அவர்கள் ஜன்னலில் அடிக்கும். ஷீட் தன் சுவரைத் தாண்டிப் பக்கத்து எல்லைக்குள் நீளக் கூடாது, விளிம்பில் தண்ணீரை வாங்கிக் குழாயில் இறக்கும் பாத்தி இருக்க வேண்டும், ட்ரஸ் கால்கள் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒக்கியில் எத்தனையோ வீட்டு ஷீட்டுகள் பறந்து பக்கத்துத் தெருவில் கிடந்தன. கடலோரக் காற்றில் இரும்பு போல்ட் துருப்பிடித்துத் தின்றுபோகும் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன், பார்த்து மாற்றச் சொல்கிறோம்.

மதில் உயரத்தைப் பற்றி நிறைய பேசினோம், கடைசியில் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. முன்பக்கம் நாலடி, கேட்டுக்குப் பக்கத்தில் வண்டி எடுக்கும்போது ரோடு தெரிய வேண்டும், அவ்வளவு. ஆனால் ஒரு சின்ன விதி மிகுந்த பலன் தந்தது. மதில் கட்டுகிறவர் பக்கத்து மனை பார்க்கும் முகத்தையும் பூசிக் கொடுக்க வேண்டும். தன் பக்கம் மட்டும் பூசி, மறுபக்கம் செங்கல்லைப் பல்லிளிக்க விட்டுவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பூசாத முகத்தில் மழை அடித்து, ஈரம் இறங்கி, கட்டியவர் பக்கப் பூச்சும்தான் உதிர்கிறது. பக்கத்து மனை காலியாக இருக்கும்போதே சாரம் கட்டிப் பூசிவிட்டால் பின்னால் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

சோலார் வந்ததும் புதுச் சிக்கல் வந்தது. 2024-இல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்க ஆரம்பித்ததும், பல வீடுகளில் பேனல் ஏறியது. உடனே 'உங்க மாமரம் என் பேனலை மறைக்குது' என்ற புகார். நாம் ஏறக்குறைய 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். நண்பகலில் சூரியன் தலைக்கு அருகில்தான் நிற்கும். சித்திரை பிறக்கிற சமயத்திலிருந்து ஆவணி வரைக்கும் கொஞ்சம் வடக்கே, மற்ற மாதங்களில் தெற்கே. பேனலைவிட 10 அடி உயரமான மரம் டிசம்பர் உச்சியில்கூட 6 அடி தூரத்துக்குத்தான் நிழல் போடும். காலை, மாலை நிழல்தான் நீளம். ஆகவே கிழக்கிலும் மேற்கிலும் நிற்கும் மரங்கள்தான் பிரச்சினை. எது முன்னால் வந்ததோ அதற்கு உரிமை என்று முடிவுசெய்தோம். மரம் முன்பே நின்றால் பேனல் இடம் மாறும். பேனல் முன்பே இருந்தால் புது மரம் தள்ளிப்போகும். இரண்டும் ஒத்துவராத ஒரு வழக்கு இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, கவாத்து செய்து சமாளிக்கிறோம்.

கொசுவுக்குச் சுருக்கமான விதி: தொட்டிச் செடிக்கு அடியில் தட்டு வேண்டாம், சிரட்டையைக் கவிழ்த்துப் போட வேண்டும், மூடாத தொட்டி கூடாது. டெங்குக் கொசு ஒரு சிரட்டைத் தண்ணீரிலேயே பெருகும். பண்டிகை விளக்குகளுக்கு விதியே வைக்கவில்லை. கார்த்திகை, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், பெருநாள் எல்லாம் உள்ள தெரு. யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கி இரவு முழுக்க ஃபோகஸ் லைட் எரிவதற்கு மட்டும் தடை.

விதி எழுதுவதைவிட அதை நடத்துவதுதான் கஷ்டம். வெளிவேலை ஏதாவது செய்ய நினைப்பவர் ஒரு பக்கப் படிவம் தர வேண்டும்: மனையின் கைவரைபடம், எங்கே என்ன வருகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் போகும். குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் போய்ப் பார்ப்பார்கள். 15 நாளுக்குள் பதில் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு. இந்தக் கடைசி நிபந்தனை குழுவைக் கட்டிப்போடுகிறது, அதனாலேயே அது வேண்டும். முடியாது என்று சொன்னால் எந்த விதிப்படி என்று எண்ணைக் குறிப்பிட வேண்டும். 'பார்க்க நன்றாக இல்லை' என்ற காரணத்தை யாரும் எழுத முடியாது. அண்ணன் தம்பி வீடுகளின் விண்ணப்பத்தைக் குழுவில் இருக்கும் உறவினர் பார்க்கக் கூடாது என்றும் வைத்தோம். சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம்.

அபராதம் போட வேண்டும் என்ற குரல் ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் எழுகிறது. நான் ஆதரிக்கவில்லை. அபராதப் பணத்தை வசூலிக்கப் போனால் சங்கம் பாதி நாள் அதிலேயே போகும், முகம் பார்த்துப் பேசுவதும் நின்றுவிடும். கட்டட விதியையே மீறியவர் என்றால் உள்ளாட்சிக்கு எழுதுகிறோம். மற்றவற்றுக்கு, பாதிக்கப்பட்ட வீட்டுக்காரரையும் செய்தவரையும் மழை பெய்யும்போது அந்த இடத்திலேயே நிற்க வைத்துப் பேசுகிறோம். தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு யாரும் அதிகம் வாதாடுவதில்லை.

காலி மனைகள் தனிப் பிரச்சினை. சொந்தக்காரர்கள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார்கள். உண்ணிச்செடி ஆள் உயரம் வளர்ந்து பாம்பு வந்து தங்கும். வருடத்துக்கு இரண்டு தடவை, வைகாசியிலும் புரட்டாசியிலும், சங்கமே ஆள் வைத்துச் சுத்தம் செய்து செலவை மனைக்காரருக்கு எழுதி அனுப்புகிறது. சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் பணம் தாமதமில்லாமல் வந்துவிடுகிறது. களைக்கொல்லி அடிக்க விடுவதில்லை, சுற்றிலும் கிணறுகள் இருக்கின்றன. புல்லை வெட்டலாம், மண்ணைச் சுரண்டக் கூடாது. சுரண்டினால் அடுத்த மழையில் அந்த மண் ஓடைக்குப் போய் அடைக்கும்.

இந்த மாவட்டத்தில் இப்படியொரு குடியிருப்பில் மனை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில வார்த்தை. கிரயம் முடிக்கும் முன் விதிப் புத்தகத்தை வாங்கி வாசியுங்கள். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் வைத்து நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். டிடிசிபி அனுமதி வரைபடத்தையும் கிராமப் புலப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புலப்படத்தில் ஓடையோ கால்வாயோ இருந்து மனை வரைபடத்தில் அது காணாமல் போயிருந்தால் எங்கே போனது என்று கேளுங்கள். ரோடும் பூங்காவும் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்குப் போய்விட்டதா என்று நகல் கேளுங்கள். மனையைப் பார்க்கப் பங்குனி வெயிலில் போகாதீர்கள். ஐப்பசியில், நல்ல மழை விட்ட அரை மணி நேரத்தில் போய், ஒவ்வொரு வரிசையிலும் தண்ணீர் எந்த மதிலின் அடியில் தேங்கி நிற்கிறது என்று பாருங்கள். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, 2021-லும் 2023-லும் எதுவரை தண்ணீர் ஏறியது என்று கேட்டால் சுவரிலேயே கறையைக் காட்டுவார்கள்.